அடகு மீட்பதும் ஆத்துமா மீட்பதும்

பாம்பனில் எனக்கு ஒரு சித்தி உண்டு. அவருடைய மூன்று பவுன் சங்கிலி வருஷத்தில் பாதி நாள் அடகுக் கடையில்தான் குடியிருக்கும். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டதும் சங்கிலி கழுத்தை விட்டு இறங்கும். ஜூன் 14 கழிந்து, கடலுக்குப் போய், நாலு நல்ல மீன்பாடு கிடைத்தால் திரும்ப ஏறும். அன்றைக்குச் சித்தி ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு, "நகைய மீட்டுட்டு வந்துர்றேன்" என்று கிளம்புவார். கடைக்காரர் அசலையும் வட்டியையும் எண்ணி வாங்கிக்கொண்டு, சின்னத் துணிப்பையிலிருந்து சங்கிலியை எடுத்து மேசையில் வைப்பார். சித்தி அதை உடனே போட்டுக்கொள்ள மாட்டார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கொக்கியை விரலால் தடவுவார். தன்னுடையதுதான் என்று உறுதியான பிறகுதான் கழுத்துக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே சித்தி, "உலகின் மீட்பரே, எங்களை மீட்டருளும்" என்று சொல்கிறார். வினைச்சொல் மாறவில்லை. திங்கட்கிழமை டீக்கடையில் செய்தித்தாளைப் பிரித்தால் "நடுக்கடலில் தத்தளித்த மீனவர்கள் மீட்பு" என்று இருக்கும். பக்கத்துப் பத்தியில் "சிறைபிடிக்கப்பட்ட படகுகளை மீட்கக் கோரி வேலைநிறுத்தம்" என்று இன்னொரு செய்தி. ராமநாதபுரம் கடற்கரையில் இந்தச் சொல் இவ்வளவு இடத்தில் புழங்குகிறது. ஆனால் கிறிஸ்தவத்தில் மீட்பு என்றால் என்ன என்று கேட்டால், கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்களே கொஞ்சம் யோசித்துவிட்டு, "செத்த பிறகு மோட்சத்துக்குப் போறது" என்பார்கள். அது தப்பில்லை, ஆனால் ரொம்பச் சுருக்கம். சொல்லின் புழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் இன்னும் விரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கு ஒரே சொல் இல்லை. கத்தோலிக்கர் இப்போது மீட்பு என்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் இரட்சிப்பு என்கிறார்கள். 'ரட்ச' என்ற வடசொல்லுக்குக் காப்பது என்று பொருள். பழைய கத்தோலிக்கக் கிழவிகள் வாயில் இன்னொரு சொல்லும் இருந்தது: ஆத்தும ஈடேற்றம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பள்ளத்தில் கிடப்பதை மேலே ஏற்றிவிடும் ஓசை அதில் இருக்கிறது. இப்போது பிரசங்கத்தில்கூட அதைக் கேட்க முடிவதில்லை.

சொல் வேறாக இருப்பதால் பேச்சும் முட்டிக்கொள்ளும். மண்டபம் ஊரில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு தம்பி என்னிடம், "அண்ணே, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று கேட்டான். "ஞானஸ்நானம் வாங்கியிருக்கேன், புதுநன்மை வாங்கியிருக்கேன், உறுதிபூசுதலும் ஆச்சு" என்றேன். அவன் சிரித்தான். அவன் கேட்டது தேதி. நான் சொன்னது சடங்குகளின் பட்டியல். அவனுக்கு இரட்சிப்பு என்பது ஒருநாள் ஒரு கூட்டத்தில் நடந்து முடிந்த சம்பவம். எனக்கு அது குழந்தையில் தொடங்கி இன்னும் முடியாத பயணம். அப்போது அவன்தான் விவரம் தெரியாதவன் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் வேதாகமம் இரண்டு பக்கமும் பேசுகிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று நடந்து முடிந்ததாக வருகிறது. பிலிப்பியருக்கு எழுதும்போது, இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார் பவுல். ரோமருக்கு எழுதும்போது, நாம் விசுவாசிகளானபோது இருந்ததைவிட இரட்சிப்பு இப்போது இன்னும் சமீபமாக இருக்கிறது என்கிறார். முடிந்தது, நடக்கிறது, வரப்போகிறது என்று மூன்று காலமும் இருக்கிறது. தம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டான், நான் இன்னொன்றை.

சரி, மூலச் சொற்களுக்குப் போவோம். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அங்கே அடிக்கடி வரும் வினை 'சோசோ'. ஆபத்திலிருந்து காப்பாற்றுவதும் அதுதான், நோயிலிருந்து குணமாக்குவதும் அதுதான். இன்னொரு சொல் 'அப்போலுத்ரோசிஸ்': விலை கொடுத்து விடுவிப்பது. அடிமையையும் போர்க்கைதியையும் பணம் கட்டி விடுவிப்பதைச் சொல்லப் பயன்பட்ட சொல் அது. புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. முதல் சொல்லுக்கு இரட்சிப்பு, இரண்டாவதற்கு மீட்பு. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-இன் பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இரண்டையும் மீட்புக்குள் அடக்கிவிட்டது. தமிழ் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்த வித்தியாசம் கடற்கரைக்காரனுக்குச் சட்டென்று புரியும். இயேசுவின் சீடர் பேதுரு தண்ணீரின் மேல் நடக்கப் பார்த்த கதை மத்தேயு 14-இல் இருக்கிறது. காற்றைக் கண்டு பயந்து மூழ்கும்போது அவர் கத்துகிறார்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்!" இங்கே பாவம், மோட்சம், நரகம் எதுவும் பேச்சில் இல்லை. தண்ணீர் மூக்குக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். பேதுரு உள்நாட்டு ஆள் அல்ல, கலிலேயாக் கடலில் வலை போட்டுப் பிழைத்தவர். கடலோடிக்கும் ஒரு நாள் தண்ணீர் மூக்குக்கு வரும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இயேசு கையை நீட்டிப் பிடிக்கிறார். "ஏன் சந்தேகப்பட்டாய்" என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. முதலில் கை, பிறகு விசாரணை. கவிழ்ந்த வத்தையிலிருந்து ஆளைத் தூக்குகிறவர்களும் அப்படித்தான். அவன் வட்டிக்கு விடுகிறவனா, குடிகாரனா என்று தண்ணீரில் வைத்துக் கேட்பதில்லை. இறையியலில் அருள் அல்லது கிருபை என்று பக்கம் பக்கமாக எழுதப்படுவதன் சாரம் இந்த வரிசையில் இருக்கிறது.

இனி அடகுக் கடைப் பக்கம். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25 சொல்லும் சட்டம் நம் ஜில்லாக்காரர்களுக்கு அந்நியமே அல்ல. ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவுக்காரன் வந்து அதை மீட்க வேண்டும். தன்னையே அடிமையாக விற்றுவிட்டாலும் உறவுக்காரன் மீட்கலாம். அப்படி மீட்கும் உறவுக்காரனுக்கு எபிரேயத்தில் 'கோயேல்' என்று பெயர். ரூத்தின் கதையில் போவாஸ் செய்வது இதுதான். புஞ்சையை ஒத்திக்கு விட்டுவிட்டு, மகன் வெளிநாடு போய்ச் சம்பாதித்து ஒத்தியை மீட்ட கதை இங்கே எத்தனையோ வீட்டில் உண்டு. மீட்கிறவன் கடைத்தெருவில் போகிற யாரோ அல்ல, நம் ரத்தம். கடவுளை இஸ்ரயேலின் மீட்பர் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொல்லும்போது இந்த உறவு முறையைத்தான் கடவுள் மேல் ஏற்றுகிறார்.

சித்தியின் சங்கிலிக்கு இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது. புதுச் சங்கிலி வாங்கினால் யாரும் 'மீட்டேன்' என்று சொல்வதில்லை. ஏற்கெனவே தன்னுடையதாக இருந்து கைவிட்டுப் போனதைத்தான் மீட்பார்கள். கடவுள் மனிதனை மீட்கிறார் என்று சொன்ன உடனேயே, மனிதன் முதலில் அவருடையவன், அடகில் இருந்தபோதும் அவருடையவன் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிடுகிறது. மனிதன் அடிப்படையில் குப்பை, கடவுள் பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டார் என்று சில பிரசங்கங்களில் கேட்கிறோமே, அது இந்தச் சொல்லுக்குப் பொருந்தாது. குப்பையை யாரும் வட்டி கட்டி மீட்பதில்லை.

ஆனால் அடகு உவமையை ரொம்ப இழுத்தால் ஒரு வில்லங்கம் வரும். பணத்தை வாங்கிக்கொண்டது யார்? "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்" தாம் வந்ததாக இயேசு சொல்வது மாற்கு 10:45-இல் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தார் என்று அங்கே இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நூற்றாண்டுக் கணக்கில் மூளையைச் செலவழித்தார்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஓரிஜன், மனிதர்கள் சாத்தானின் பிடியில் இருந்ததால் விலை சாத்தானுக்குத்தான் போயிற்று என்ற திசையில் சிந்தித்தார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்து ஆயர் கிரகோரி அதைத் தூண்டில் கதையாகவே ஆக்கிவிட்டார். இயேசுவின் மனித உடல் இரை. உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மை முள். சாத்தான் பெருமீனைப் போல இரையை விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டான். தூண்டில் போடுகிற ஊரில் இந்தக் கதையை ஏன் பிரசங்கத்தில் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பாறை மீன் இரையோடு முள்ளையும் விழுங்கிவிட்டு, கயிறு இறுகும்போது திமிறுவதைப் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்து இன்னொரு கிரகோரி, நசியான்சு ஊர்க்காரர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா, அதுவும் தம்மையே விலையாகவா, என்ன அவமானம் என்று கேட்டார். கதை என்று பார்த்தால் நீசா கிரகோரிதான் ஜெயிக்கிறார், கணக்கு என்று பார்த்தால் நசியான்சு கிரகோரி.

1098 வாக்கில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் சாத்தானைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். பாவம் என்பது கடவுளுக்குரிய மரியாதையைக் கொடுக்காமல் இருப்பது. அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டியவன் மனிதன், செய்யக்கூடியவர் கடவுள் மட்டும். ஆகவே கடவுளே மனிதரானார் என்பது அவருடைய வாதம். பிரபுக்களின் மரியாதையில் சுழன்ற ஐரோப்பாவில் பிறந்த விளக்கம் இது. சேதுபதி சீமையில் வளர்ந்தவர்களுக்கும் இதன் சூடு புரியும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு வந்த தகராறுகளை நாம் பார்க்காததா? அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார் இன்னொரு பக்கம் திருப்பினார்: சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி மனிதனின் மனத்தை மாற்றுகிறது என்றார். பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் படித்த புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வின் நீதிமன்ற மொழிக்குக் கொண்டுபோனார்: நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார். இன்று தெருமுனைக் கூட்டங்களில் மைக்கில் கேட்பது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கம்தான். அது ஒன்றுதான் கிறிஸ்தவம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்சபையின் பழைய பொது விசுவாச அறிக்கைகளோ "நமக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன, எப்படி என்று விளக்கவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தருக்கும் ரோமுக்கும் நடந்த சண்டை எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் சுருக்கமாகப் போகிறேன். விசுவாசம் மட்டுமே போதும் என்றார் லூத்தர். அருள்தான் தொடக்கம், ஆனால் மனிதன் அதோடு ஒத்துழைக்க வேண்டும் என்று 1547-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் பதில் சொன்னது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் புண்ணியத்தைப் பார்த்து அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அந்தக் கிருபை நம்மை நற்செயலுக்கு ஏவுகிறது என்பதில் இருவரும் ஒன்றுதான் என்றது அது. நானூற்றைம்பது வருஷச் சண்டையின் முதுகெலும்பு அங்கே உடைந்தது. நம் கரையில் அந்தச் செய்தி எத்தனை பேருக்கு வந்து சேர்ந்தது என்று கேட்காதீர்கள். இங்கே இன்னும் "மெழுகுதிரி ஏத்துறேன் அந்தோணியாரே, பாடு நல்லா இருக்கட்டும்" என்ற பேரம்தான் நடக்கிறது. லூத்தரும் திரெந்துவும் சேர்ந்து வந்து தடுத்தாலும் அது நிற்காது. அதை முழுசாகப் பேரம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. கொடுக்க வேறு ஒன்றும் இல்லாதவள் தன் பங்குக்கு ஏதாவது வைக்க நினைக்கிறாள்.

குணமாக்குதல் என்ற மூன்றாவது அர்த்தத்துக்கு நம் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது: திருவாடானை வட்டத்து ஓரியூர். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, தமிழில் அருளானந்தர், மறவர் சீமைக்கு வந்து பண்டாரசாமி வேடத்தில் வேதம் போதித்தார். தடியத்தேவர் என்ற அரச குடும்பத்துப் பிரபு கடும் நோயில் விழுந்து, கிறிஸ்தவ செபத்தால் குணமானதாக நம்பினார். ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி மன்னர் கிழவன் சேதுபதியின் உறவு. விஷயம் அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. அங்கே மண் சிவப்பாக இருக்கிறது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, எல்லா மதத்தவரும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டவன் நான். நோயிலிருந்து சுகம், பாவத்திலிருந்து விடுதலை, ஒருவரின் மீட்புக்காக இன்னொருவர் உயிர் கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. வளர்ந்த பிறகு ஒன்று உறுத்தத் தொடங்கியது. விலக்கப்பட்ட அந்தப் பெண்களுக்கு மீட்பு எது? கோபக்காரி அரண்மனைக்குப் போய்ப் புகார் சொன்னாள் என்பதோடு கதை அவளை விட்டுவிடுகிறது. லூக்கா 19-இல் வரி வசூலிக்கும் சகேயு, ஏமாற்றிய பணத்தை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் இயேசு. சகேயுவுக்கு என்று நிறுத்தாமல் வீட்டுக்கு என்கிறார். ஒருவன் திருந்தியதால் இன்னொருத்தி தெருவுக்கு வந்தால் அந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அருளானந்தர் மீது மரியாதை குறையாமலே கேட்கலாம்.

அப்புறம் ராமேஸ்வரத்துக் கேள்வி. நாங்கள் வாழ்வது தீர்த்தத் தீவில். வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு போகிறார்கள். அவர்கள் தேடும் மோட்சமும் கிறிஸ்தவர் சொல்லும் மீட்பும் ஒன்றா? கடல் உருவகம் இருவருக்கும் பொது. வள்ளுவர் பிறவியைப் பெருங்கடல் என்றார். பவுலின் கப்பல் உடைந்தபோது அதிலிருந்த 276 பேரும், சிலர் நீந்தியும் சிலர் பலகைகளைப் பிடித்துக்கொண்டும், தப்பிக் கரைசேர்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆனால் வள்ளுவர் சொன்ன கடல் திரும்பத் திரும்பப் பிறப்பது. கிறிஸ்தவத்தில் பிறவி ஒன்றுதான். தப்ப வேண்டியது பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும், பிறப்பிலிருந்து அல்ல. உடலை உதறிவிட்டுப் போவதும் அல்ல.

கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு மீட்பு உண்டா என்பதில் திருச்சபையின் பேச்சு மாறியிருக்கிறது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியத்தின் வேர் மூன்றாம் நூற்றாண்டு ஆயர் சிப்ரியனிடம் இருக்கிறது. 1442-இல் புளோரன்ஸ் சங்கம் அதைக் கடுமையாகவே சொன்னது. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் தவறில்லாமல் நற்செய்தியை அறியாதவர்கள் நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் நடந்தால் அவர்களும் மீட்படையலாம் என்றது. ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை பயணிகளோடு கொண்டுபோனது. தனுஷ்கோடியில் மாதா கோயிலின் இடிந்த சுவர் இன்னும் நிற்கிறது. அந்த ரயிலில் இருந்தவர்களை மதவாரியாகப் பிரித்துக் கரைசேர்க்கும் கடவுளை என்னால் கற்பனை செய்ய முடிந்ததில்லை. சுவிசேஷ சபைகளில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இயேசுவின் பெயரை விசுவாசித்தால்தான் என்பது அவர்கள் நிலை, அதற்கும் அவர்களிடம் வசனம் உண்டு.

உடலை உதறுவதல்ல என்று மேலே ஒரு வரியில் சொன்னேன். அதை ஒரு வரியில் விட முடியாது. "சரீர உத்தானத்தை விசுவாசிக்கிறேன்" என்று பழைய விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். உடல் திரும்ப எழும் என்று அர்த்தம். ரோமர் 8-இல் பவுல் படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் தவிப்பதாகச் சொல்லிவிட்டு, நாம் "சரீர மீட்பு"க்காகக் காத்திருக்கிறோம் என்கிறார். ஆத்துமா மட்டும் தப்பிப் போய், உடலும் மண்ணும் கடலும் நாசமாகட்டும் என்பது கிறிஸ்தவப் போதனையே அல்ல. பழைய ஏற்பாட்டின் முதல் பெரிய மீட்பே, எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் வெளியேறியதுதான். அவர்கள் ஆத்துமாவோடு பிள்ளைகுட்டி, ஆடுமாடு, பிசைந்த மாவு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் இலங்கைச் சிறையிலிருந்து விடுதலையாகி ஊருக்கு வரும்போது தெருவில் ஒரு வாக்கியம் கேட்கும்: "ஆளு வந்துட்டாக, போட்டு வரல." ஆள் வந்த சந்தோஷம் நாலு நாள்தான். இலங்கையின் மயிலிட்டித் துறையில் கட்டிக் கிடக்கும் படகு மழையிலும் வெயிலிலும் மக்கிக்கொண்டிருக்கும், இங்கே அதன் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆத்தும மீட்பை மட்டும் பேசும் பிரசங்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம்தான் காதில் விழுகிறது.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசித்தார்கள். முதலில் ஒரு பெண்பிள்ளை வந்து, கிறிஸ்துவின் மீட்பில் நாங்கள் பங்குபெற வேண்டும் என்று வாசித்தாள். அடுத்து ஒரு மீனவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையில் சுருட்டி வைத்திருந்த தாளைப் பிரித்து, பிடிபட்ட நம் ஊர்ப் படகுகள் மீட்கப்பட வேண்டும் என்று வாசித்தார். எனக்கு முன் வரிசையில் சித்தி. கழுத்தில் சங்கிலி இல்லை, அந்த வருஷம் தடைக்காலத்துக்கு முன்பே இறங்கிவிட்டது. இரண்டு மன்றாட்டுக்கும் அவர் ஒரே குரலில், ஒரே ராகத்தில் பதில் சொன்னார்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."